வயிற்றுநோயும் இயற்கை மருத்துவமும்: ஒரு வரலாற்றாராய்ச்சி

சூலை என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே சைவ நன்மக்கள் உள்ளம் திருவதிகை வீரட்டானத்துக்குச் செல்லும். திருவாமூரிற் குறுக்கையர் குடியில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் திருமகனாராய்த் தோன்றிய மருணீக்கியார், சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயர் பூண்டு, பாடலிபுத்திரத்துப் பள்ளியிலே தலைமை பெற்றிருந்த காலத்து அவரைப் பற்றிய நோய் அது. பாடலிபுத்திரமாவது இக்காலத்துக் கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர். கடலினுள் இருக்கும் வடவைத்தீயும் நஞ்சும் வச்சிரப்படையும் ஒருங்கு கூடி வயிற்றின் அகத்தைக் குடைந்தாற்போல அந்நோய் வருத்திற்று என்று சேக்கிழார் பெருமான் அருளிச்செய்தனர். பள்ளியில் இருந்தோர் மந்திரம் செபித்தும், மந்தரித்த நீரைக் கொடுத்தும், மயிற்பீலியால் தடவியும் அது தணிந்திலது. பின்னர்த் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, அவர் திருவைந்தெழுத்தோதி அளித்த திருநீற்றைத் தரித்து, வீரட்டானேசுவரர் திருமுன் பதிகம் பாடிய அளவிலே சூலை ஒழிந்தது. நான்காந் திருமுறையின் முதற் பதிகமாக நாம் ஓதுவது அதுவே.

இவ்வரலாறு கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும் வயிற்றுநோயுற்ற அன்பர் பலர் அப்பதிகத்தை ஓதி ஆறுதல் பெறுகின்றனர். அது நன்றே. ஆயினும், இவ்வரலாற்றைத் துணைக்கொண்டு இக்காலத்தார் கூறும் இரண்டு கூற்றுக்கள் என் செவியில் அடிக்கடி விழுகின்றன. “நாவரசர் வயிற்றுநோயை மருந்தா தீர்த்தது? திருநீறன்றோ தீர்த்தது? உண்மைச் சைவனுக்கு மருத்துவன் எதற்கு?” என்பது ஒன்று. “மருந்தில்லா மருத்துவம் நம் சித்தர்கள் கண்டது, தொட்டியில் இடுப்பளவு நீரில் அமர்தலும், வயிற்றின்மேல் மண்பட்டி இடுதலும், பச்சைக்காய் கனிகளையே உண்ணுதலும் ஆதியில் நம்முடையனவே” என்பது மற்றொன்று. முன்னது பக்தியின் பெயரால் கூறப்படுவது. பின்னது நாட்டுப்பற்றின் பெயரால் கூறப்படுவது. இரண்டும் வரலாற்றோடு பொருந்துமா என்று ஆராய்தல் வேண்டும். ஏனெனில், முன்னதை நம்பி வயிற்றுவலியை நாட்கணக்கிற் பொறுத்திருந்து உயிர்க்கே இடர் தேடிக்கொள்வார் உளர். பின்னதை நம்பினோர் நம் முன்னோர் உண்மையில் வைத்துப்போன செல்வம் யாது என்பதையே மறந்துவிடுகின்றனர்.

முதலாவது கூற்றை எடுத்துக்கொள்வோம். நாவரசர் சூலை, இறைவன் அவரை மீட்டு ஆட்கொள்ளும் பொருட்டு விடுத்த நோய் என்பதே பெரியபுராணத்தின் கருத்து. திலகவதியார் தம்பியார்பொருட்டு விண்ணப்பஞ் செய்ததும், சூலை மடுத்து ஆள்வோம் என்று இறைவர் கனவில் உணர்த்தியதும் ஆண்டு முன்னரே கூறப்பட்டன. ஆகவே அது பொதுவாக மக்களுக்கு வரும் வயிற்றுநோய்களுள் ஒன்றன்று. அதன் தீர்வும் அவ்வாறே. இக்காலத்துச் சிலர் அதனைக் குடல்வால் அழற்சி என்றும் இரைப்பைப் புண் என்றும் பெயரிட்டு எழுதுகின்றனர். சேக்கிழார் எழுதியது மருத்துவன் குறிப்பேடன்று. அதனின்று நோய்ப்பெயர் காண முயல்வது மணலிலே கயிறு திரிப்பதனோடொக்கும்.

நோய்க்கு மருந்து தேடுதல் சைவத்துக்கு மாறென்று நம் ஆசாரியர்கள் கருதியிருப்பாராயின், மடத்தை அடுத்து மருத்துவசாலை வைத்திருப்பரோ? ஆந்திர நாட்டிலே கிருட்டிணை ஆற்றங்கரைப் பகுதியில் மல்காபுரம் என்னும் ஊரில் 1261ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று உளது. கோளகி மடத்துச் சந்தானத்தவரும், காகதீய கணபதிதேவனுக்குத் தீட்சாகுருவாக விளங்கியவருமான விசுவேசுவர சிவாசாரியர்க்கு அரசி உருத்திரமாதேவி அளித்த ஊர்க்கொடையை அது கூறுகின்றது. அக்கொடையைக்கொண்டு அவ்வாசாரியர் கோயிலும் மடமும் அன்னசாலையும் அமைத்ததோடு நில்லாது, ஆரோக்கியசாலையும், மகப்பேற்றுக்கென்றே ஒரு சாலையும் நிறுவினார். சிவாகமங்களிற் கரைகண்ட ஆசாரியர் ஒருவரே நோயாளர்க்குச் சாலை வகுத்தனர் என்பதை, மருந்தை வெறுக்கும் அன்பர்கள் சிந்திப்பாராக.

தமிழ்நாட்டில் இன்னும் தெளிவான சான்றுண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்துள்ள திருமுக்கூடல், காஞ்சிபுரத்துக்கு அணித்து. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (ஆட்சி 1063 முதல் 1070 வரை) காலத்து நெடுங்கல்வெட்டொன்று காணப்படுகின்றது. வைணவக் கோயிலாயினும் அரசன் சைவச் சோழர் மரபினன். ஆங்கு வேதம் ஓதுவோர்க்குக் கல்விச்சாலையும், ‘வீரசோழன்’ என்னும் பெயரிய ஆதுலசாலையும் இருந்தன. ஆதுலசாலையாவது நோயாளர் கிடந்து மருத்துவம் பெறும் இடம். 15 கிடக்கை, மருத்துவன் ஒருவன், கத்திகொண்டு சிகிச்சை செய்யும் சல்லியக்கிரியை வல்லான் ஒருவன், மருந்துக்கு வேண்டும் பச்சிலை விறகு முதலியன கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதன், நீர் கொணர்வோன் என இத்தனை பேர்க்கும் நெல்லும் காசும் அளவிட்டு வகுக்கப்பட்டிருக்கின்றன. ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகள் ஏறக்குறைய இருபதும் பெயர் சுட்டி எழுதப்பட்டுள்ளன.

அம்மருந்துப் பெயர்களைப் படித்தபொழுது என் உள்ளம் பெரிதும் மகிழ்ந்தது. வாசாரீதகி, கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி, பல்லாதக அரீதகி என்று நான்கு மருந்துகள் அரீதகியோடு சேர்ந்தவை. அரீதகியாவது நம் வீட்டுக் கடுக்காயே. அவற்றோடு வில்வாதி நெய்யும் கலியாண லவணமும் வருகின்றன. இவையிரண்டும் கழிச்சல், மூலம், மந்தம் முதலிய வயிற்றுப் பிணிகளுக்கு ஆயுள்வேத நூல்கள் வகுத்தவை. அந்நான்கு கடுக்காய் மருந்துகளுள் முதலாவது இருமல் முதலியவற்றுக்கும் பயன்படுவதே. எனினும், 11ஆம் நூற்றாண்டில் ஓதுவாரும் கோயிற் பணியாளரும் நோயுற்றுக் கிடந்த சாலையிலே கடுக்காய் இத்துணை இடம்பெற்றிருத்தல், குடலைத் தூய்மை செய்தலே மருத்துவத்தின் தலைவாயில் என்று அக்காலத்து மருத்துவர் கொண்டிருந்ததைக் காட்டுகின்றது. காலையில் இஞ்சி, நண்பகலிற் சுக்கு, மாலையிற் கடுக்காய் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கொடுத்த முறைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை.

இனி இரண்டாவது கூற்று. இயற்கை மருத்துவம் என இன்று வழங்கும் முறை மருந்தை அறவே விலக்குவது. நீர், மண், காற்று, வெயில், பட்டினி, சமையாத உணவு ஆகியவற்றையே கருவியாகக் கொள்வது. நம் சித்த மருத்துவமோ அவ்வாறன்று. வயிற்றிற் குன்மம் எட்டு வகையென வகுத்து, அவற்றுக்குச் சூரணமும் இலேகியமும் மட்டுமன்றிப் பற்பமும் செந்தூரமும் கூறுவது அது. நோய் அணுகா விதி உரைத்த தேரையர், வெந்நீரையும் நீர்த்த மோரையும் உருக்கிய நெய்யையும் கொள்ளச் சொல்லியதோடு, நான்கு திங்களுக்கு ஒருகாற் பேதிமருந்தும், ஆறு திங்களுக்கு ஒருகால் வமனமருந்தும் உண்ணவேண்டும் என்று விதித்தார். மருந்து கூடாதென்பவர் கொள்கைக்கு இது நேர் மாறன்றோ? தொட்டியில் அமர்ந்து குளித்தல் ஆயுள்வேதத்தில் அவகாகம் என்னும் பெயரால் உண்டு. ஆனால் அது மருந்திட்டுக் காய்ச்சிய வெந்நீரிலும் எண்ணெயிலும் அமர்ந்து வியர்க்கச் செய்வது. குளிர்நீரில் இடுப்பளவு அமர்ந்து அடிவயிற்றைத் துணியால் தேய்ப்பது வேறொரு முறை. புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதப் பெருமான் சந்நிதியிற் பெறும் திருச்சாந்துருண்டையில் மண்ணும் நீறும் தீர்த்தமும் சேர்ந்திருப்பதைக் காட்டி, மண் மருத்துவம் நம்மதே என்பாரும் உளர். அவ்வுருண்டை பிரசாதம், அன்பினால் உட்கொள்வது. வயிற்றின்மேல் ஈரமண் கட்டுவதற்கு அதனைச் சான்றாக்குதல் பிரசாதத்துக்கும் பெருமையன்று, மருத்துவத்துக்கும் பெருமையன்று.

அங்ஙனமாயின், தொட்டிக் குளியலும் மண்பட்டியும் வந்தது யாண்டிருந்து? ஐரோப்பாவின் நடுநாடுகளிலிருந்து, 19ஆம் நூற்றாண்டில். அக்காலத்து ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட சிலேசியாவில், இப்போது செக்கு நாட்டுக்குரிய மலைப்புறச் சிற்றூரான கிரேஃபென்பெர்க்கில், வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் (1799 முதல் 1851 வரை) என்னும் உழவர் இருந்தார். இளமையில் வண்டியேறி விலாவெலும்பு முறிந்து, மருத்துவர் கைவிட்டபின், ஈரத்துணிக் கட்டுக்களால் தம்மைத் தாமே நலப்படுத்திக்கொண்டவர். பின்னர்க் குளிர்நீர்ச் சிகிச்சைக்கென அவ்வூரில் நிலையம் கண்டார். அவர்க்குப்பின் வந்தோர் பலர். அவருள் நம் நாட்டை மிகவும் தொட்டவர் லைப்சிக் நகரத்து லூயி கூனே (1835 முதல் 1901 வரை). இவர் மருத்துவக் கல்வி பெற்றவரல்லர். தம் உடம்பின் நோயினால் நீர்ச் சிகிச்சையை நாடியவர். 1883இல் லைப்சிக்கில் தம் நிலையத்தைத் தொடங்கினார்.

கூனேயின் கொள்கை முழுவதும் வயிற்றையே அடிப்படையாகக் கொண்டது. நோய் எத்தனை பெயர் பெற்றாலும் ஒன்றே. செரியாத உணவினின்று பிறக்கும் வேற்றுப்பொருள் அடிவயிற்றில் தங்கிப் புளித்து உடலெங்கும் பரவுவதே அதன் காரணம். ஆகவே குளிர்நீர்த் தொட்டிக் குளியலாலும் நீராவிக் குளியலாலும் உப்பும் மசாலையும் குறைந்த மரக்கறியுணவாலும் அதனை வெளிப்படுத்திவிட்டால் எல்லா நோயும் நீங்கும் என்பர். புலால் விலக்கிய இக்கொள்கை நம் நாட்டார்க்கு இனித்ததில் வியப்பில்லை. துரோணம்ராசு வேங்கடாசலபதி சர்மா என்பார் 1894இலேயே அந்நூலைத் தெலுங்கிற் பெயர்த்தார். 1904இல் இந்தியிலும் உருதுவிலும் பெயர்ப்பு வந்தது. கூனேயின் நூலை மொழிபெயர்த்துப் படித்தபின்னரே தொட்டிக் குளியல் இந்நாட்டு வீடுகளிற் புகுந்தது என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று.

அம்முறையை நாடறியச் செய்தவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில், ஜோகானசுபர்க்கு நகரில் இருந்தபொழுது, மலச்சிக்கலும் தலைவலியும் தம்மை வருத்தியதாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கின்றார். மான்செஸ்டர் நகரிற் காலையுணவை விடும் சங்கம் ஒன்று தோன்றியதைப் படித்து அவரும் காலையுணவை விட்டார். தலைவலி நீங்கிற்று, மலச்சிக்கல் நீங்கவில்லை. கூனேயின் தொட்டிக் குளியல் சிறிது துணைசெய்தது, முற்றத் தீர்க்கவில்லை. பின்னர் அடால்ஃப் ஜஸ்ட் என்னும் மற்றொரு ஜெர்மானியர் எழுதிய நூல் அவர் கைக்கு வந்தது. அதன்படி, தூய மண்ணைக் குளிர்நீரிற் குழைத்து, மெல்லிய துணியிற் பரப்பி, இரவில் படுக்கும்போது வயிற்றின்மேற் கட்டி, இடையிலோ விடியலிலோ அவிழ்த்து வந்தார். நோய் நீங்கியது என்று கூறுகின்றார். தாம் கண்டதைக் கண்டவாறே சொல்லும் அவர், பிற்காலத்தில் இச்சிகிச்சைகளை முன்போல் உறுதியோடு பிறர்க்குச் சொல்ல இயலவில்லை என்றும் அவ்விடத்திலேயே எழுதிவைத்தார்.

இவ்வரலாற்றில் யாவரும் கருதவேண்டிய நாள் ஒன்று உண்டு. 1924 சனவரி 12. எரவாடாச் சிறையில் இருந்த காந்தியடிகளுக்குக் கடும் வயிற்றுவலி கண்டது. குடல்வால் அழற்சி என்று மருத்துவர் தெளிந்தனர். பூனா சாசூன் மருத்துவசாலையில் கர்னல் மாடக் என்னும் ஆங்கில மருத்துவர் அன்றிரவே அறுவை செய்தார்; இடையில் மின்விளக்கு அணைந்துபோக, கைவிளக்கின் ஒளியில் அது முடிக்கப்பட்டது. மண்பட்டியின் பெருமையை எவர்க்கும் மேலாக எடுத்துரைத்தவரே, குடலில் அழற்சி முற்றியபொழுது மண்ணைக் குழைத்துக்கொண்டிருக்கவில்லை. இயற்கை மருத்துவ அன்பர் பலர் இந்நிகழ்ச்சியைச் சொல்லாது விடுகின்றனர்; நான் அதனை அவர் வரலாற்றின் மிகப் பயனுள்ள பகுதியாகக் கருதுகின்றேன். அதன்பின்னரும் அவர் அம்முறையைக் கைவிட்டாரல்லர். 1945 நவம்பர் 18இல் அதற்கென அறநிலையம் ஒன்று நிறுவினார். 1946இல் பூனாவை அடுத்த உருளிகாஞ்சனில் ஏழை மக்களுக்கெனச் சிகிச்சை தொடங்கினார். அந்நவம்பர் 18ஆம் நாளே 2018 முதல் இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது.

தமிழ்நாட்டிற் புதுக்கோட்டையில் வாழ்ந்த கே. இலக்குமண சர்மா இம்முறையை ஆங்கிலத்தில் விரிவாக எழுதி வெளியிட்டார். இவர் திருவண்ணாமலை இரமண முனிவரின் அன்பர். வேதாந்த நூல்களும் எழுதியவர். 2000இல் சென்னை அரும்பாக்கத்தில் அரசினரே இயற்கை மருத்துவக் கல்லூரி கண்டனர். ஆகவே இம்முறை இன்று இந்நாட்டில் வேரூன்றியதே. பிறநாட்டினின்று வந்தது என்பதனால் அதனை இகழ்வார் இலர்; மிளகாயும் பிறநாட்டினின்று வந்ததே. ஆனால் மிளகாயைச் சித்தர் கண்டார் என்று எழுதுதல் தகாது.

கூனேயின் அடிப்படைக் கொள்கை நிலைபெறவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்து நகரத்தில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், இரைப்பையில் வாழும் ஒரு நுண்கிருமியே பெரும்பாலான இரைப்பைப் புண், முன்சிறுகுடற் புண்களுக்குக் காரணம் என்று காட்டினர். 2005இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. அக்கிருமியைக் கொல்லும் மருந்தை ஒன்றிரண்டு வாரம் உண்டால் பல்லாண்டு வருத்திய புண்ணும் ஆறுகின்றது. எந்நோயும் ஒன்றே, எல்லாம் உணவின் பிழையே என்பது இதனாற் பொய்யாயிற்று. ஆதலின், திடீரெனத் தாங்கொணா வலி தோன்றினும், குருதி வாந்தியாயினும், மலம் கீல்போற் கறுத்துப் போயினும், காரணமின்றி உடல் மெலியினும், பட்டினியையும் தொட்டியையும் நாடாது மருத்துவரை அன்றே அடைதல் கடன். நோய் வினையால் வந்தது, அனுபவித்தே தீரவேண்டும் என்பார்க்கு ஒன்று கேட்பேன்: பசியும் வினையால் வருவதுதானே? அதற்குச் சோறு தேடுவார் இதற்கு மருந்து தேடாதிருத்தல் எந்நூல் நெறி? மலபரிபாகம் வருதற்குத் துணையாக இறைவன் மாயையினின்று ஈந்த கருவி இவ்வுடம்பு என்பதன்றோ நம் சித்தாந்தம்? உடம்பை முன்னர் இழிந்ததாக எண்ணியிருந்து, பின்னர் உள்ளே இறைவன் கோயில் கொண்டதறிந்து அதனைப் பேணலானேன் என்று திருமூலர் அருளியதும் இதுபற்றியே.

இனி, நம் முன்னோர் உண்மையில் வைத்துப்போன இயற்கை மருத்துவம் யாதெனின், அளவறிந்து உண்டலும் காலமறிந்து உண்ணாதிருத்தலுமே. திருவள்ளுவர் மருந்து என்று ஓரதிகாரம் வகுத்து, அதிலே ஒரு மருந்தின் பெயரும் கூறாது விட்டார். முதற்குறள் வளி முதலிய மூன்றும் மிகினும் குறையினும் நோயாகும் என்கின்றது. ஆண்டுப் பரிமேலழகர் உணவும் செயலும் ஒத்த அளவினவாதல் வேண்டும் என்று விளக்குவர். இறுதி மூன்று குறள் மருத்துவனையும் நோயாளனையும் பற்றியன. இடைநின்ற ஆறும், முன்னுண்டது அற்றதை அறிந்து, மிகப் பசித்தபின், மாறுபாடில்லாத உணவை, வயிற்றுத்தீயின் அளவு கடவாமல் உண்பதையே திருப்பித் திருப்பி வற்புறுத்துகின்றன. மலச்சிக்கலுக்கும் மந்தத்துக்கும் காய், கீரை, கனி, நீர், நடை இவற்றைக் கூறும் இக்காலத்து மருத்துவரும் இதற்கு மாறு கூறார்.

விரதத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். சோமவாரம், பிரதோடம், சிவராத்திரி, கந்தசட்டி முதலியன இறைவழிபாட்டுக்காக உண்டி சுருக்கும் நாட்கள். குடல் ஓய்வு பெறுதல் அவற்றின் நோக்கமன்று, உடன்வரும் பயன். இயற்கை மருத்துவரின் பட்டினிக்கும் நம் உபவாசத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஆனால் இக்காலத்தில் அவ்வுடன்பயனும் போயிற்று. பலகாரம் என்னும் சொல்லை நோக்குக. பலம் என்பது பழம். பலாகாரம் என்பது பழவுணவு. சோற்றை விலக்கிய நாளிற் பழமுண்பதற்கு ஏற்பட்ட பெயர், வடையும் போளியும் இட்டிலியும் ஆகிவிட்டது. ஒருவேளைச் சோற்றை விட்டதற்கு ஈடாக இருவேளை எண்ணெயிற் பொரித்ததை உண்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விரதத்தைக் குறைகூறுவாரை நான் கண்டதுண்டு. நான் பயின்ற மடத்திலே பிரதோட வழிபாடு முடியுமட்டும் நீரன்றி எதுவும் இல்லை. முடிந்தபின்னும் சிறிதளவே கிடைக்கும். அக்காலத்து அது எங்களுக்குக் கடுமையாகத் தோன்றியது.

நீரிழிவுக்கு மருந்துண்போர், சூலுற்ற மகளிர், வயிற்றுப்புண் உடையோர், முதியோர் ஆகியோர் மருத்துவர் சொல்லைக் கேளாது முழுப்பட்டினி இருத்தல் கூடாது. பாலும் பழமும் கொண்டு வழிபட்டால் அதுவே அவர்க்கு விரதம். விரதத்தை முடிக்கும் முறையிலும் முன்னோர் கருத்தூன்றினர். நீண்ட பட்டினியின் பின் கனிச்சாறும் கஞ்சியும் சிறிது சிறிதாகத் தரவேண்டும் என்று இயற்கை மருத்துவர் இன்று கூறுகின்றனர். ஏகாதசியில் உண்ணாதிருந்தார் துவாதசி விடியலிற் செய்யும் பாரணையில், பந்தி நிறைந்த விருந்துக்கு முன், அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இலையில் முதலிடம் பெற்றிருந்தன.